5.10 லட்சம் கேட்கிறார்கள், கொடுக்கலாமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சேலத்தில் ஒரு கார் கன்சல்டிங்கில் 2018 ஆகஸ்டில் பதிவான ஸ்விஃப்ட் வி.எக்ஸ்.ஐ. பெட்ரோல் வண்டி நிற்கிறது. டி.என்.22 எண். மீட்டர் 58,000 கி.மீ. காட்டுகிறது. இரண்டாவது ஓனர் 2024 மார்ச்சில் வாங்கியவர். நான்கு டயரையும் மாற்ற வேண்டும், இன்சூரன்ஸ் அடுத்த மாதம் முடிகிறது. கேட்கும் விலை 5.10 லட்சம். இணையத்தில் இதே ஆண்டு வண்டிகளுக்கு 4.50 முதல் 5.60 வரை போட்டிருக்கிறார்கள். பாலிசியிலோ வண்டியின் மதிப்பு 3.60 லட்சம் என்று அச்சிட்டிருக்கிறது. இந்த மூன்றில் எது நியாயமான விலை என்று கேட்கிறீர்கள்.

மூன்றுமே இல்லை. நான் இருபத்திரண்டு ஆண்டுகள் வாகன இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவன். இடிபட்ட வண்டி, எரிந்த வண்டி, தண்ணீரில் மிதந்த வண்டி எல்லாவற்றையும் பார்த்து ரூபாயில் எழுதிக் கொடுப்பதுதான் வேலை. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன், மாடலுக்கு விலை கிடையாது. உங்கள் முன்னால் நிற்கும் அந்த ஒரு வண்டிக்குத்தான் விலை உண்டு. நீங்கள் எழுதியதில் விலையைவிட என் கண்ணில் பட்டது ஒரு தேதி. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்த 3.60. பாலிசியில் உள்ள ஐ.டி.வி., அதாவது இன்சூரன்ஸுக்காக அறிவித்த மதிப்பு, சந்தை விலை அன்று. வண்டி முழுதாகப் போனால் கம்பெனி கொடுக்கும் தொகையின் உச்சவரம்பு அது. புது வண்டியின் விலையிலிருந்து ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஓராண்டு வரை 15, இரண்டாண்டு வரை 20, அதன் பிறகு ஆண்டுக்குப் பத்துப் பத்தாகக் கூடி ஐந்தாம் ஆண்டில் 50 என்று கழித்து வரும் ஓர் அட்டவணைக் கணக்கு. ஐந்து ஆண்டைத் தாண்டிய வண்டிக்கு அந்த அட்டவணையும் கிடையாது, கம்பெனியும் ஓனரும் பேசி வைத்துக்கொள்வதுதான். பிரீமியத்தில் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்க ஐ.டி.வி.யைக் குறைப்பவர்கள் உண்டு. விற்பதற்கு முன் வேண்டுமென்றே கூட்டிப் போட்டு, "பாருங்கள், இன்சூரன்ஸ்காரனே இவ்வளவு மதிப்பு போட்டிருக்கிறான்" என்று காட்டுபவர்களும் உண்டு. இரண்டு வகைப் பாலிசிகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

இணையத்தில் பார்க்கும் விலை கேட்கும் விலை மட்டுமே. எவ்வளவுக்கு முடிந்தது என்பதை அங்கே யாரும் எழுதுவதில்லை. ஆனாலும் பயன்படுத்தத் தெரிந்தால் நல்ல கருவி. அதே ஆண்டு, அதே வேரியன்ட், அதே எரிபொருள் உள்ள பத்து வண்டிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த இரண்டு மூன்று வாரங்கள் கவனியுங்கள். மாதக்கணக்கில் நகராமல் கிடப்பவை விலை கூடியவை, அடித்துவிடுங்கள். மலிவாக இருந்தும் போகாதவற்றில் ஏதோ கோளாறு, அவற்றையும் அடித்துவிடுங்கள். மீதி நான்கைந்தின் நடு விலையில் ஆறேழு சதவீதம் கழித்தால் பேசி முடியும் விலைக்குப் பக்கத்தில் வந்துவிடும். நீங்கள் சொன்ன வரம்பில் நடு விலை 4.95 என்று வைத்தால் 4.60 பக்கம் வருகிறது.

இதை மறுபக்கத்திலிருந்தும் சரிபார்க்க வேண்டும். அதாவது இன்றைய புது வண்டியின் விலையிலிருந்து இறங்கி வர வேண்டும். இங்கேதான் பலர் தவறுகிறார்கள். விற்பவர் 2018-இல் என்ன கொடுத்து வாங்கினார் என்பது உங்களுக்குத் தேவையில்லை. அதே பணத்தோடு இன்று நீங்கள் ஷோரூமுக்குப் போனால் என்ன கிடைக்கும் என்பதுதான் கேள்வி. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி., செஸ் சேர்த்து 29 சதவீதமாக இருந்த வரி 18 ஆகக் குறைந்தது. தொழிற்சாலை விலை மாறாவிட்டாலும் ஷோரூம் விலை ஏறத்தாழ எட்டரை சதவீதம் இறங்கும் கணக்கு இது. புது வண்டி இறங்கினால் பழைய வண்டியும் இறங்கத்தான் வேண்டும். ஆனால் கன்சல்டிங்காரர்களில் பலர் வரிக்குறைப்புக்கு முன் வாங்கிப் போட்ட சரக்கை வைத்திருப்பதால் பழைய விலையையே சொல்லிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் நஷ்டம் அவர்களோடு. அதை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை.

இன்றைய ஸ்விஃப்ட் வி.எக்ஸ்.ஐ., தமிழ்நாட்டின் 13 சதவீத ஆயுட்கால வரியும் இன்சூரன்ஸும் சேர்த்துச் சாலைக்கு வரும்போது 7.80 லட்சம் பக்கம் ஆகிறது. முதல் ஆண்டுக்கு 15 சதவீதம் கழித்தால் 6.63. அடுத்த ஆறு ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு எட்டு முதல் பத்து சதவீதம் கழிப்பது பொதுவான வழக்கம். நம் ஊரில் ஸ்விஃப்டுக்கு அவ்வளவு இறங்காது, ஆறு சதவீதம் போதும். எந்த ஊர் மெக்கானிக்குக்கும் தெரிந்த வண்டி, எந்தக் கடையிலும் பாகம் கிடைக்கும் வண்டி, அதனால்தான். அப்படிக் கழித்தால் 4.57 லட்சம். புதிய ஸ்விஃப்டில் ஆறு ஏர்பேக், உங்களுடையதில் இரண்டு. புதியது மூன்று சிலிண்டர், பழையது நான்கு சிலிண்டர். நான்கு சிலிண்டர் இன்ஜினின் அமைதியை விரும்பித் தேடுபவர்கள் இருக்கிறார்கள். ஒன்றுக்கு ஒன்று சரியாகப் போகட்டும். (ஏர்பேக்கை நான்கு சிலிண்டரோடு ஈடுகட்டுவது எனக்கே உறுத்துகிறது, ஆனால் சந்தை அப்படித்தான் கணக்குப் போடுகிறது.)

இரண்டு வழிகளும் 4.60-இல் சந்திக்கின்றன. நல்ல நிலையில் உள்ள, ஒரே ஓனர் வைத்திருந்த, காகிதங்கள் சுத்தமான வண்டிக்கான விலை இது. இனி உங்கள் வண்டியைப் பார்ப்போம்.

அந்தத் தேதி. டி.என்.22 மீனம்பாக்கம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் எண். 2023 டிசம்பர் 4-ஆம் தேதி மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை, முடிச்சூர்ப் பக்கம் கார்கள் கூரை வரை மூழ்கின. அடுக்குமாடி வளாகங்களில் கார்கள் காகிதக் கப்பலாக மிதந்த காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். உங்கள் வண்டி அடுத்த நான்கு மாதத்துக்குள் சென்னையை விட்டு சேலத்துக்கு வந்திருக்கிறது. ஐந்தரை ஆண்டு வைத்திருந்த ஓனர் அந்த நேரம் பார்த்து விற்றிருக்கிறார்.

தற்செயலாக இருக்கலாம். தாம்பரத்தில் மாடி ஏற்றத்தில் நிறுத்தி வைத்து, ஒரு துளி நனையாமல் காப்பாற்றிய வண்டியாகவும் இருக்கலாம். ஆனால் 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு நடந்ததை நேரில் பார்த்தவன் நான். பழுது பார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பு என்று எழுதுவோம். ஓனருக்குப் பணம் போய்விடும், வண்டி ஏலத்துக்குப் போகும். ஏலம் எடுப்பவர் பிரித்துப் பாகமாக விற்றால் நல்லது. பலர் கழுவி, காயவைத்து, சீட் துணி மாற்றி, இருநூறு கிலோமீட்டர் தள்ளி வேறு ஊரில் விற்றுவிடுவார்கள். இன்ஜினைத் திறந்து ஓட்டிக் காட்டிவிடலாம், அது பெரிய வித்தை இல்லை. தண்ணீர் குடித்த வயரிங்கும் ஏர்பேக் கன்ட்ரோல் பெட்டியும் பச்சைக் களிம்பு பிடிக்க ஓராண்டு, ஈராண்டு ஆகும். அதற்குள் வண்டி இரண்டு கை மாறியிருக்கும்.

ஆகவே விலை பேசும் முன் இதைப் பாருங்கள். முன் சீட் பெல்ட்டை முழுவதுமாக, இனி வராது என்னும் வரை இழுங்கள். உள்ளே சுருண்டிருக்கும் கடைசி முழத்தைக் கழுவ யாரும் மெனக்கெடுவதில்லை, சேற்றுக்கோடு அங்கே நிற்கும். பெல்ட்டின் அடியில் தைத்திருக்கும் சிறு துணியில் தயாரித்த ஆண்டு இருக்கும். 2018 வண்டியில் 2024 பெல்ட் என்றால் ஏன் மாற்றினார்கள் என்று கேளுங்கள். சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, தண்டவாளத்தைத் தரையோடு பிடித்திருக்கும் போல்ட்களைப் பாருங்கள், அந்த இடத்தில் துரு வர வேறு காரணம் அரிது. ஸ்டெப்னி கிடக்கும் குழியில் கையை விட்டுத் தடவுங்கள். கண்ணாடிகளை ஏற்றி, கதவைச் சாத்தி, பத்து நிமிடம் வெயிலில் நிறுத்திப் பிறகு திறந்து முகருங்கள். புதிதாக வாசனைத் திரவியம் நான்கு மூலையிலும் வைத்திருந்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

இதைவிட உறுதியானது காகிதம். முதல் ஓனரின் 2023-24 பாலிசியையும், அதில் கிளெய்ம் ஏதும் போனதா என்பதையும் கேளுங்கள். இப்போதைய பாலிசியில் என்.சி.பி. (கிளெய்ம் போகாத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் பிரீமியம் தள்ளுபடி) சுழியம் என்றால் அதை வைத்து எதுவும் முடிவு செய்யாதீர்கள். என்.சி.பி. ஆளுக்குச் சொந்தம், வண்டிக்கு அல்ல. ஓனர் மாறினால் புதியவருக்கு முதலிலிருந்து தொடங்கும். ஆர்.சி. நகலோடு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போய் வண்டி எண்ணைச் சொன்னால், எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில், என்ன வேலை நடந்தது என்ற பதிவைப் பார்த்துச் சொல்வார்கள். கன்சல்டிங்காரர் உடன் வந்தால் இன்னும் எளிது. வர மறுத்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். மீட்டரைத் திருப்பியிருக்கிறார்களா என்பதும் இதே பதிவில் வெளியாகிவிடும். ஏழு ஆண்டில் 58,000 என்பது நகரத்துக் குடும்ப வண்டிக்குச் சரியான எண்தான். ஆனால் பிரேக் பெடலின் ரப்பர் வழுக்கையாகி, ஸ்டியரிங் பளபளத்து, ஓட்டுநர் சீட்டின் வலப்பக்க விளிம்பு அமுங்கிக் கிடந்தால் அந்த எண்ணை நம்ப மாட்டேன். மீட்டர் வித்தியாசத்துக்கு என் கைக்கணக்கு, பத்தாயிரம் கி.மீ.க்கு ஐந்தாறு ஆயிரம் ரூபாய். ஓட்டம் கூடியதற்கு விலை அவ்வளவுதான் குறையும். ஓட்டத்தை மறைத்தவரிடம் வாங்கவே கூடாது.

வெள்ளத்தில் நின்றது என்று தெரிந்தால் எத்தனை ரூபாய் கழிப்பது என்று கேட்காதீர்கள். மூன்று லட்சத்துக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

அடுத்து விபத்து. இதில் மக்கள் தேவையில்லாத இடத்தில் பயந்து, தேவையான இடத்தில் ஏமாறுகிறார்கள். பம்பருக்கு மறுபெயின்ட் அடித்திருந்தால் அது குறையே இல்லை. சென்னையில் ஓடிய வண்டியின் பம்பரில் பெயின்ட் அடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். முன் ஃபெண்டர், பானெட், கதவு எல்லாம் போல்ட் போட்டு மாட்டியவை. மாட்டிய போல்ட்டின் தலையில் பெயின்ட் உரிந்திருந்தால் கழற்றியிருக்கிறார்கள் என்று பொருள். அதற்குப் பத்து, பதினைந்தாயிரம் பேசிக் குறைக்கலாம், அவ்வளவே. பார்க்க வேண்டியது பானெட்டைத் தூக்கினால் இரு பக்கமும் தெரியும் ஏப்ரன் தகடுகளையும், சேஸிஸின் முன் நீட்டங்களையும், கதவு ரப்பரை உரித்தால் தெரியும் பில்லர்களையும். தொழிற்சாலையில் போட்ட ஸ்பாட் வெல்டிங் ஒரே அளவில், ஒரே இடைவெளியில் சிறு குழிகளாக இருக்கும். பட்டறையில் போட்ட வெல்டிங் கோடாக ஓடும், அல்லது மேலே பட்டி பூசி மறைத்திருப்பார்கள். அங்கே கை வைத்த வண்டிக்கு நான்கில் ஒரு பங்கு விலை குறைந்தால்தான் அது நியாயம். குடும்பத்தோடு நீண்ட தூரம் போகிறவர் என்றால் விட்டுவிடுங்கள்.

ஏர்பேக் விளக்கை மறக்க வேண்டாம். சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டில் அது எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் கோளாறை மறைக்க விளக்கை எடுத்துவிட்டிருக்கிறார்கள். பக்கத்து விளக்கோடு சேர்த்து ஒயர் போட்டு ஒன்றாக எரிய வைத்ததையும் கண்டிருக்கிறேன்.

இவ்வளவும் தெரிந்த நான் முதன்முதலில் சொந்தமாக வாங்கிய மாருதி 800-இல் ஏமாந்தேன் என்பதையும் சொல்லியாக வேண்டும். புது பெயின்ட், வெண்ணெயாக வழுக்கியது. மழைக்காலம் வந்தபோது பின்பக்கம் தண்ணீர் தேங்கியது. பாயை உரித்துப் பார்த்தால் தரைத் தகட்டில் பாதி தகடு, பாதி பட்டி. அலுவலகத்தில் ஒரு மாதம் என் பெயரே பட்டி சர்வேயர். அன்று பார்த்தது மாலை ஆறரை மணி, மின்விளக்கு வெளிச்சம். வண்டியைப் பகலில், காய்ந்த நிலையில், கழுவாமல் பாருங்கள்.

காலையில் போவதாகவும், இன்ஜினை யாரும் தொடக்கூடாது என்றும் முந்தின நாளே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் உங்களுக்காக ஏற்கெனவே ஸ்டார்ட் செய்துவிட்டார்கள். குளிர்ந்த இன்ஜினில்தான் புகையும் சத்தமும் உண்மை பேசும். நீலப்புகை ஆயில் எரிவது. வெள்ளைப்புகை இன்ஜின் சூடான பிறகும் விடாமல் வந்தால் கூலன்ட் உள்ளே கசிகிறது. கூடவே உங்கள் மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள், ஆயிரமோ இரண்டாயிரமோ கூலியை நீங்களே கொடுங்கள். விற்பவர் கொடுக்கும் கமிஷனில் வாழும் மெக்கானிக் உங்கள் மெக்கானிக் அல்ல.

இப்போது கழித்தல் கணக்கு. வண்டி சுத்தம் என்றே வைத்துக்கொள்வோம். நான்கு டயர் ஏறத்தாழ 18,000. இதை முழுதாகக் கழிக்கச் சொல்லி வாதாடாதீர்கள். 4.60 என்று நாம் வைத்த சராசரி வண்டியின் டயரும் பாதி தேய்ந்ததுதான், ஆக 9,000. (டயரின் பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கங்களில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. தேயாமல் இருந்தாலும் ஆறேழு ஆண்டு ஆன டயரை முழுக் கணக்கில் கழியுங்கள்.) இன்சூரன்ஸ் 11,000 பக்கம், இது முழுவதும் உங்கள் தலையில். ஆயில், ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் மாற்றும் முதல் சர்வீஸ் 5,000. பேட்டரி பழையது என்றால் 2,500. இரண்டாவது ஓனர் என்பதற்கு 15,000, ஏனென்றால் நாளை நீங்கள் விற்கும்போது வாங்குபவர் மூன்றாவது ஓனர் கணக்கில் உங்களிடம் கழிப்பார். கூட்டினால் 42,500. விலை 4.17 லட்சம் பக்கம் வருகிறது. ஏற்றத்தில் இரண்டாம் கியரில் ஓட்டிப் பார்க்கும்போது இன்ஜின் சத்தம் ஏறியும் வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் போகும் நிலை, இன்னும் ஒரு 9,000.

ஆக நான் உங்கள் இடத்தில் இருந்தால் 3.95-இல் தொடங்கி 4.20-இல் நிற்பேன். முதல் ஓனரின் சர்வீஸ் பதிவு ஒன்று விடாமல் இருந்தால் 4.35 வரை கொடுப்பேன், அப்படிப்பட்ட வண்டி அடிக்கடி கிடைக்காது. 5.10 எங்கே, 4.20 எங்கே என்று அவர் சிரிக்கலாம். சிரிக்கட்டும். கழித்தல் கணக்கை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். "குறைத்துக் கொடுங்கள்" என்பவரிடம் அவர் பேசும் பேச்சு ஒன்று, டயர் இவ்வளவு, இன்சூரன்ஸ் இவ்வளவு என்று வரிசையாகக் காட்டுபவரிடம் பேசும் பேச்சு வேறு. "மாலையில் இன்னொரு பார்ட்டி டோக்கன் போட வருகிறது" என்பார். அந்தப் பார்ட்டி இருபது ஆண்டுகளாக மாலையில் வந்துகொண்டே இருக்கிறது.

"ஜி.எஸ்.டி. தனி" என்று சொன்னால் கவனம். பதிவு பெற்ற வியாபாரி பழைய காருக்குச் செலுத்த வேண்டிய 18 சதவீதம் அவருடைய லாபத்தின் மேல்தான், வண்டியின் முழு விலை மேல் அல்ல. தனி ஆளிடம் நேரடியாக வாங்கினால் அதுவும் இல்லை. டெல்லி வண்டி என்று இதைவிட ஒரு லட்சம் குறைவாக எவராவது காட்டினாலும் மயங்க வேண்டாம். அங்கே டீசலுக்குப் பத்தாண்டு, பெட்ரோலுக்குப் பதினைந்தாண்டு என்று வந்த கட்டுப்பாட்டால் விலை இறங்கி இங்கே வருபவை அவை. தமிழ்நாட்டில் மறுபதிவும் ஆயுட்கால வரியும் சேர்த்தால் அந்த லட்சத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும்.

காகிதத்தில் மூன்றைப் பார்த்தால் போதும். மத்திய அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டால் ஓனர் வரிசை, கடன் அடமானம் எல்லாம் தெரியும். அபராதச் செலான் நிலுவையையும் அங்கேயே பார்க்கலாம். அடமானம் இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் அடமானத்தை நீக்கும் படிவம் 35-உம் கையில் வராமல் முழுப்பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் ஆர்.சி.யில் உள்ள ஓனர் கையெழுத்திட வேண்டும். கன்சல்டிங்காரர் எடுத்துக் காட்டும் கையெழுத்து அந்த ஓனருடையதுதானா என்று அவரைப் போனில் பிடித்து ஒரு வார்த்தை கேளுங்கள். பேசும்போது எதற்காக விற்கிறீர்கள் என்றும், சென்னையில் யாரிடம் வாங்கினீர்கள் என்றும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். டோக்கன் ஐந்தாயிரத்துக்கு மேல் வேண்டாம். மெக்கானிக் வேண்டாம் என்றால் திருப்பித் தருவதாக ரசீதில் எழுதி வாங்குங்கள். பெயர் மாற்றம் முடிந்து ஆர்.சி. உங்கள் பெயரில் வரும் வரை ஒரு இருபத்தைந்தாயிரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதாகப் பேச்சின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டால் பிறகு மனவருத்தம் வராது.